கம்பு விழுகிற நாள்

“டீச்சர், ஒரு நியாயம் கேக்கணும்” என்று வந்து நின்றார் சொரிமுத்து கொத்தனார்.

சகாயம் டீச்சர் மணல் குழியைக் கிளறிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில், உயரம் தாண்டுகிற பிள்ளைகள் வந்து விழுகிற குழி அது. ஊர் நாய்கள் படுத்துப் படுத்துக் கெட்டியாக்கி வைத்திருந்தன.

“கேளுங்க அண்ணாச்சி.”

“நேத்து போட்டியில எம்மக இசக்கி ஒரு தடவகூடக் கம்பத் தட்டல. அவளுக்கு மூணாவது எடம்.”

“ஆமா.”

“அந்தப் பச்ச டவுசர் போட்ட பிள்ள கடைசியில மூணு தடவ தட்டுச்சு. என் கண்ணால பாத்தேன். மூணு தடவையும் கம்பு கீழ விழுந்துச்சு. அதுக்கு மொத எடம்.”

“ஆமா.”

“தட்டுன பிள்ளைக்குத் தங்கம், தட்டாத பிள்ளைக்கு வெண்கலம். இது என்ன நியாயம் டீச்சர்?”

டீச்சர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

“நானும் ஆறு மாசமா உங்க மககிட்ட ஒரு நியாயம் கேட்டுக்கிட்டிருக்கேன். வாயத் தெறக்க மாட்டேங்கா.”

“என்ன கேட்டீங்க?”

“போன வருசம் அஞ்சடிக்கு மேல தாண்டுன பிள்ள. இப்ப நாலடி ஏழு இஞ்சி வந்ததும் ‘போதும் சார்’னு சொல்லிட்டு ஓரமாப் போய் உக்காந்துக்கிடுதா. ஏன்னு கேட்டேன்.”

போட்டியில் எல்லாம் மீட்டர் கணக்குத்தான். கொத்தனாருக்குப் புரியட்டும் என்று டீச்சர் அடிக்கணக்கில் சொன்னார்.

சொரிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது.

“இம்புட்டுத்தானா? என்கிட்டக் கேட்டா நான் சொல்லிருப்பேனே!”

“சொல்லுங்க.”

“ஆடிக் கொடைக்குக் கோயிலுக்குப் போயிருந்தோம். எங்க மாடத்தி அக்கா சாமி முன்னால முந்தானைய விரிச்சு எம்மகளக் கேட்டுட்டா, அவ மகனுக்கு. நல்ல பையந்தான். லோடு வண்டி ஓட்டுதான். இந்தப் பக்கம் இசக்கி, நான் குதிக்கணும், கல்யாணம் வேண்டாம்னு தேம்புதா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எங்கம்மா சாகும்போது எனக்கு அஞ்சு வயசு டீச்சர். அக்காவுக்குப் பதினொண்ணு. என்னைய இடுப்புல வச்சுக்கிட்டேதான் களையெடுக்கப் போவா. அவ முந்தானைய விரிச்சு நிக்கும்போது நான் இல்லேன்னு சொல்ல முடியுமா? மகளையும் அழவிட முடியுமா? ரெண்டு பேருக்கும் நோகாம ஒரு வழி கண்டுபிடிச்சேன்.”

“என்ன வழி?”

“சூடத்தக் கொளுத்தி, உள்ளங்கையால அணைச்சு, சுடலைச்சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டேன். எம்மக இஷ்டம்போலக் குதிக்கட்டும். யாரும் தடுக்கக் கூடாது. என்னைக்குப் போட்டியில அவ தட்டிக் கம்பு விழுதோ, அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கிடலாம். அதுவரைக்கும் அக்கா கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது.”

மண்வெட்டி நின்றது.

“சபையில இருந்த அம்புட்டுப் பேரும் நல்ல வழின்னாக டீச்சர். ரசமட்டம் வச்ச மாதிரி ரெண்டு பக்கமும் சரியா உக்காந்துச்சு.”

“அந்தச் சபையில உயரம் தாண்டிப் பழக்கப்பட்ட ஆளு யாராவது உண்டா?”

“அது எதுக்கு? எல்லாரும் பெரிய மனுசங்க.”

“இசக்கி?”

“என்னமோ சொல்ல வாயெடுத்தா. பெரியவங்க பேசுற எடத்துல உனக்கென்ன பேச்சுன்னு நாந்தான் ஒரு அதட்டு அதட்டுனேன். அப்புறம் சரின்னு தலையாட்டிட்டா.”

டீச்சர் மண்வெட்டியின் காம்பில் தாடையை வைத்துக்கொண்டார்.

“அந்தச் சத்தியத்த மாத்த முடியாதா அண்ணாச்சி?”

“சுடலைகிட்ட சூடம் அணைச்சதையா?” சொரிமுத்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “எங்க சித்தப்பா மகன் ஒருத்தன், ஒரு ஆட்டுக்குட்டிக்காகச் சூடம் அணைச்சான். பொய்ச் சத்தியம். வருசம் திரும்பல. மூணாவது மாடிச் சாரத்துலருந்து விழுந்தான். நானும் அதே சாரத்துலதான் நின்னேன். கையை நீட்டுனேன் டீச்சர். எட்டல.”

குழியின் ஓரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, புழு இல்லை என்று பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

“இன்னைக்குச் சாயந்தரம் உங்களுக்கு வேலை உண்டா?” என்றார் டீச்சர்.

“இல்ல. சிமிண்டு வரல.”

“அப்ப இங்க வாங்க. ஒரு சின்ன வேலை இருக்கு.”

*

சாயந்தரம் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இசக்கி கடைசியில் நின்றாள்.

“என்ன வேலை டீச்சர்?”

“கம்பு விழுந்தா எடுத்து வைக்கணும். அவ்வளவுதான்.”

முதல் பிள்ளை ஓடிவந்தது. கம்பு விழுந்தது.

சொரிமுத்து குனிந்து எடுத்தார். இரண்டு தூணிலும் வைத்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கம்பின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“நடுவுல தொய்யுதே டீச்சர்.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

“பெரியப்பா, நாங்க என்ன செவரா எழுப்புதோம்? சீக்கிரம் வைங்க, இருட்டிரும்!”

“ஏட்டி, தொய்ஞ்ச கம்பத் தாண்டுனா அது தாண்டுனதா?”

“நீங்க மட்டம் பாத்து முடிக்கதுக்குள்ள எனக்கு இன்னொரு வயசு ஏறிரும் பெரியப்பா.”

அடுத்த பிள்ளை. கம்பு விழுந்தது. எடுத்து வைத்தார்.

அடுத்தது. விழுந்தது. எடுத்து வைத்தார்.

பத்தாவது தடவையில் ரசமட்டம் பைக்குள் போனது. இருபதாவது தடவையில் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. முப்பதாவது தடவையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “சுடலையப்பா” என்றார்.

பிள்ளைகள் விழுந்து எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, பின்னால் போய் நின்றார்கள். இன்னொரு தடவை ஓடிவந்தார்கள்.

இசக்கியும் வந்தாள். நாலடியில் தாண்டினாள். நாலடி மூன்றில் தாண்டினாள். கம்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், அவ்வளவு இடம் இருந்தது. நாலடி ஏழில் தாண்டினாள். அதற்கு மேல் கம்பை ஏற்றியபோது வரிசையிலிருந்து விலகிப் போய், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பொழுது சாய்ந்தது.

“எத்தன தடவ எடுத்து வச்சீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“நாப்பத்தேழு.”

“எண்ணுனீங்களா?”

“செங்கல் எண்ணுற கை.”

“இசக்கிக்கு எத்தன?”

சொரிமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். இடுப்புதான் நிமிரவில்லை.

“ஒண்ணுகூட இல்ல. எம்மகளுக்காக நான் ஒரு தடவகூடக் குனியல டீச்சர்!”

“ஆமா” என்றார் டீச்சர். “நானும் பாத்தேன்.”

*

அன்றைக்கு வீட்டில் இசக்கிதான் அவருக்குச் சோறு போட்டாள்.

தட்டு வைத்த சத்தம் கேட்கவில்லை. குழம்புச் சட்டியைத் திறந்த சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நடந்தால் காலடி தெரியாது. கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் தெரியாது. வாசற்படியில் இடித்துக்கொள்ளாமல், நிலையில் தோள் படாமல், கயிற்றில் காய்கிற துணியில் தலை படாமல் போவாள், வருவாள்.

பொம்பளைப் பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அவள் அம்மா பக்கத்து வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொரிமுத்து மோர்ச் சட்டிக்குக் கை நீட்டினார். முழங்கை பட்டுத் தம்ளர் உருண்டது.

இசக்கி எழுந்து நின்றுவிட்டாள்.

தம்ளர் தரையில் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

“தட்டுனது நாந்தான் தாயி” என்றார் சொரிமுத்து. “வெறும் தம்ளரு.”

அவள் குனிந்து எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். சத்தமே வரவில்லை.

அவர் பாதிச் சோற்றோடு தட்டிலேயே கையைக் கழுவினார்.

*

மறுநாள் காலையில் மறுபடியும் மைதானத்துக்குப் போனார்.

“டீச்சர், நேத்து நாப்பத்தேழு தடவ கம்பு விழுந்துச்சு. ஒரு பிள்ளகூட அழலையே.”

“நீங்கதான் எடுத்து வச்சீங்களே.”

அவர் அதை யோசித்தார். பிடி கிடைக்கவில்லை.

“எம்மக தட்டவே இல்ல. அவ மொகத்துலதான் சிரிப்பே இல்ல.”

டீச்சர் வேறு ஒன்று சொன்னார்.

“வார சனிக்கெழம விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்காங்க. அஞ்சடி ஒரு இஞ்சி தாண்டணும். தாண்டிட்டா படிப்பு, சாப்பாடு, தங்க எடம் எல்லாம் அவங்க பொறுப்பு.”

“தட்டாமத் தாண்டிருவாளா?”

“தெரியாது.”

“தாண்டுன ஒடனே நிறுத்திக்கிடலாம்லா?”

“நிறுத்திக்கிடலாம்.”

“அப்ப ரெண்டு பக்கமும் சரியா வந்துரும்” என்றார் சொரிமுத்து.

டீச்சர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார்.

*

சனிக்கிழமை மாடத்தி அக்காவும் வந்துவிட்டாள்.

மடியில் வயர்க்கூடை. கூடைக்குள் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்புப் பழம், இரண்டு முழம் பூ. வாடாமல் இருக்க மேலே ஈரத்துணி.

“எதுக்கு அக்கா இதெல்லாம் தூக்கிட்டு?”

“எம்மருமக நல்லாக் குதிக்கட்டும்லே. நான் என்ன அவளுக்குச் சத்துருவா? கம்பு விழுந்தா இங்கேயே மாத்திக்கிடுவோம். விழலைன்னா இந்த வெத்தலைய நானே போட்டுக்கிட்டு பஸ் ஏறிருவேன்.”

சொல்லிவிட்டு இசக்கியைக் கூப்பிட்டு, நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். உண்மையான பாசத்தோடுதான் பூசினாள். இசக்கி குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பதினான்கு பிள்ளைகள். விழுவதற்குக் குழி இல்லை, பெரிய நீல மெத்தை போட்டிருந்தார்கள்.

நாலடி ஏழு. இசக்கி தாண்டினாள்.

கம்பை ஏற்றினார்கள். சொரிமுத்து அவளைப் பார்த்தார். அவள் ஓரமாகப் போகவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக, திரும்பி ஓட்டத்தைத் தொடங்குகிற அடையாளத்துக்குப் போய் நின்றாள்.

நாலடி பத்து. அஞ்சடி. ஒவ்வொன்றுக்கும் சொரிமுத்து துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டார். மாடத்தி அக்கா ஒவ்வொன்றுக்கும் ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அஞ்சடி ஒன்றில் மூன்று பிள்ளைகள் மிஞ்சினார்கள். மற்ற இரண்டு பேரும் முதல் தடவை தட்டிவிட்டு, மெத்தையிலிருந்து இறங்கினார்கள்.

இசக்கி ஓடிவந்தாள்.

எழும்பினாள். தொடை பட்டுவிட்டது. கம்பு நடுங்கியது. இந்தப் பக்கம் உருண்டது, அந்தப் பக்கம் உருண்டது.

நின்றுவிட்டது.

நடுவர் வெள்ளைக்கொடியைத் தூக்கினார். மற்ற இரண்டு பேரும் மிச்சமிருந்த இரண்டு தடவையும் தட்டி வெளியே போனார்கள்.

“டீச்சர்!” சொரிமுத்து கத்தியே விட்டார். “பாத்தீங்களா? தட்டாமலே மொத எடம்! அன்னைக்கு நான் கேட்டது நியாயமா இல்லையா?”

மாடத்தி அக்கா ஒரு வெற்றிலையை எடுத்து, அதன் முதுகைத் துடைத்து, காம்பைக் கிள்ளினாள்.

நடுவர் இசக்கியிடம் வந்தார்.

“விடுதிக்கு நீ எடுபட்டாச்சும்மா. மொத எடமும் நீதான். இன்னும் ஏத்தட்டுமா, போதுமா?”

“போதும்னு சொல்லு தாயி!” என்று கயிற்றுக்கு வெளியே இருந்து கூப்பிட்டார் சொரிமுத்து. “வா, வீட்டுக்குப் போவோம்!”

இசக்கி கயிற்றுப் பக்கம் வந்தாள்.

“அப்பா, ஒரே ஒரு தடவப்பா.”

“வேண்டாம் தாயி. விழுந்துருமே.”

“விழும். எல்லாருக்கும் விழும்ப்பா. மொத எடம் வந்தவளுக்கும், இன்னும் ஏத்துங்கன்னு கேட்டா, கடைசியில விழுந்துதான் முடியும். கோயில்ல அதத்தான் சொல்ல வந்தேன்.”

சொரிமுத்து கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்குப் போதும்னா அடுத்த போட்டியில விழும். அங்கயும் போதும்னா அதுக்கு அடுத்ததுல. தெனமும் பயந்து பயந்து எனக்கு முடியலப்பா. என்னால எது வரைக்கும் முடியும்னு ஒரு தடவ தெரிஞ்சுக்கிடுதேன். தெரிஞ்சுக்கிட்டு வந்து அத்தைகிட்ட உக்காந்துக்கிடுதேன்.”

அவள் திரும்பி நடந்தாள். “ஏத்துங்க சார்” என்றாள்.

“டீச்சர், நீங்களாவது சொல்லுங்க!” சொரிமுத்து டீச்சரின் முன்னால் வந்து நின்றார். “நீங்க சொன்னாக் கேப்பா!”

“நீங்க கேட்ட நியாயம் இதுதான் அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

கம்பு அஞ்சடி இரண்டுக்குப் போனது.

இசக்கி நின்றாள். ஓடினாள். வழக்கமாகப் பூனை மாதிரி வருகிறவள் இந்தத் தடவை தரை அதிர ஓடிவந்தாள். அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சொரிமுத்துவுக்கு அப்போதுதான் தோன்றியது.

எழும்பினாள். தலை போனது. இடுப்பு போனது. ஒரு கால் போனது.

பின்காலின் குதிங்கால் கம்பைத் தொட்டது.

கம்பு கீழே விழுந்து, இரண்டு தடவை துள்ளி, கிடந்தது.

சிவப்புக்கொடி.

இசக்கி எழுந்து வரவில்லை. மெத்தையின் நடுவிலேயே காலை மடக்கி, கையை மடியில் வைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். மணையில் உட்கார வைத்த பெண் மாதிரி இருந்தாள்.

மாடத்தி அக்கா மெதுவாக எழுந்தாள். கிள்ளிய வெற்றிலையைக் கீழே போட்டாள். கூடையின் ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“தம்பி, விழுந்துருச்சுலே.”

சொரிமுத்து கம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வாலே. வெத்தல வாடுது.”

அவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

“யோவ், யாருய்யா அது? உள்ள வரக் கூடாது!” நடுவர் விசில் ஊதினார்.

சொரிமுத்து நடந்தார். கம்பு எடுத்து வைக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

குனிந்தார்.

“சொரிமுத்து!” பின்னால் அக்காவின் குரல். “என்னலே பண்ணுத? சூடம் அணைச்ச கைலே அது! சுடலை கேப்பான்லே! திங்கக்கெழம நீ சாரத்துல ஏறணும்லே!”

அந்தக் குரலில் கோபத்தைவிட பயம்தான் கூட இருந்தது. இடுப்பில் வைத்து வளர்த்தவள் அல்லவா.

“கேக்கட்டும்க்கா” என்றார் அவர், திரும்பாமல். “என்னையத்தான் கேப்பான்.”

“அப்ப நான் யாருலே உனக்கு? சபையில முந்தானைய விரிச்சவ நான்! நான் செத்தாலும் நீ வராத. கேட்டியா? என் மொகத்துல நீ முழிக்காத!”

அவர் கை ஒரு நொடி நின்றது.

பிறகு கம்பை எடுத்தார். ஒரு முனையை இந்தத் தூணில் வைத்தார். மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூணுக்குப் போனார்.

மெத்தையில் இசக்கி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு தடவ இருக்குல்லா” என்றார் சொரிமுத்து. “எந்திரி.”

கம்பு உட்காரவில்லை. அவர் கையிலிருந்தே கீழே விழுந்தது.

மறுபடியும் குனிந்தார்.